இமயத்தின் வேர்

மலைக்கு ‘அசலம்’ என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர். அசையாதது என்பது அதன் பொருள். அருணாசலம், வேங்கடாசலம் என்று தெய்வத்தின் நாமத்தோடும் வீட்டுப் பிள்ளைகளின் பெயரோடும் கலந்து போய்விட்ட சொல் அது. மலைகளுக்கெல்லாம் அரசன் எனப் போற்றப்படும் இமயத்தைவிட அந்தப் பெயருக்கு அதிக உரிமையுள்ளது வேறில்லை என்றே எவரும் எண்ணுவர். ஆனால் உண்மை நேர்மாறானது. 2015-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்பு, நேபாள தேசத்துக் கோர்க்கா ஜில்லாவில் பூமி குலுங்கிற்று. ஒரு நிமிஷத்துக்கும் குறைவான அந்த வேளைக்குள் காட்மாண்டு நகரம் அடியோடு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே தூக்கப்பட்டுத் தெற்கு நோக்கியும் தள்ளப்பட்டது. சற்றேறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டனர்.

இந்த அசைவின் காரணம் மலையின் மேலே கண்ணுக்குத் தெரிவதன்று. அது அடியில் இருக்கிறது. அடியிலே இறங்கிப் பார்த்தவர் யாருமில்லை, பார்க்கப் போவதுமில்லை. மனிதன் தோண்டிய துளைகளுள் மிக ஆழமானது ரஷ்யாவில் கோலா என்னுமிடத்திலுள்ளது. அதுவே பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனதோடு நின்றுவிட்டது. திபேத்தின் அடியிலோ பூமியின் மேலோடு சுமார் எழுபது கிலோமீட்டர் கனமுள்ளது. எட்ட முடியாத அந்த ஆழத்தை நூலும் குண்டும் பெண்டுலமும் கொண்டு அளக்கத் தொடங்கி, இன்று அதன் படத்தையே எழுதிவிட்டார்கள் விஞ்ஞானிகள். அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அந்த அறிவு யாரைச் சென்றடைய வேண்டுமோ அவரைச் சென்றடைந்ததா என்ற கேள்வியும் நம் மனத்தில் இருக்கிறது.

கதை ஆரம்பமாவது இமயத்திலல்ல, நமது சென்னையில். 1802-ம் வருஷம் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அந்த அடிக்கோட்டின்மீது முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனால் தேசம் முழுவதையும் அளந்துவிடலாம் என்பது அவர் திட்டம். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கோபுரங்கள்மீதும் குன்றுகள்மீதும் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து யந்திரம் சுவரில் மோதி நசுங்கிற்று; லாம்டன் பல வாரங்கள் பாடுபட்டு அதைத் தாமே சீர்ப்படுத்தினார். இவையெல்லாம் புத்தகங்களில் இடம் பெற்றுள்ளன. கொடி பிடித்தும் சுமை சுமந்தும் காட்டு ஜுரத்தில் மடிந்த நம் நாட்டுக் கலாசிகளின் பெயர்களுக்குத்தான் அவற்றில் இடமில்லை.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட் என்பவர் இந்த அளவையை வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையில் கொண்டு சென்றார். அங்கேதான் கணக்கு இடறிற்று. மத்திய இந்தியாவில் சிரோஞ்சுக்கு அருகில் கல்யாண்பூர் என்றும், கங்கைச் சமவெளியில் முஸாபர்நகர்ப் பக்கத்தில் கல்யாணா என்றும் இரண்டு இடங்கள் உண்டு. இவற்றின் இடையேயுள்ள தூரத்தை இரண்டு வழிகளில் கண்டார்கள். ஒன்று, தரையில் முக்கோணங்களால் அளப்பது. மற்றொன்று, வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து ஒவ்வோரிடத்தின் அட்சரேகையையும் குறிப்பது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் 5.236 விகலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகையை மூவாயிரத்து அறுநூறாகப் பங்கிட்டால் வருவது ஒரு விகலை. ஆகையால் தரையில் இந்த வித்தியாசம் சுமார் 160 மீட்டர்தான். அறுநூறு கிலோமீட்டர் தூரத்தில் 160 மீட்டர்! வேறெவராயினும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். எவரெஸ்டும் அதை அளவையில் நேர்ந்த பிழையாகவே எண்ணி, சங்கிலி முழுவதிலும் பரவலாகப் பங்கிட்டு விட்டார்.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் பதவி வகித்த பிராட் என்ற பாதிரியார் அதை அவ்வாறு விட்டுவிட மனமில்லாதவராக இருந்தார். நட்சத்திரத்தைப் பார்ப்பவன் முதலில் தன் யந்திரத்தைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அதற்கு ஆதாரம் தூக்குக்குண்டு; நம் கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் அதே குண்டு. பக்கத்தில் மாபெரும் மலையொன்று இருந்தால், அதன் ஆகர்ஷண சக்தி குண்டைத் தன் பக்கம் இழுக்குமல்லவா? கல்யாணா மலைக்கு அருகில் இருப்பதால் அங்கே இழுப்பு அதிகம்; கல்யாண்பூரில் குறைவு. வித்தியாசத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதிய பிராட், இமயத்தின் பருமனையும் எடையையும் மதிப்பிட்டுக் கணக்கிட்டார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. வித்தியாசம் 15.885 விகலை இருக்க வேண்டுமென்றது கணக்கு. இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு! மலை தன் உருவத்துக்குத் தக்கபடி இழுக்கவில்லை. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும் இமயம், தராசில் வைத்தால் இலேசாக இருப்பதுபோல் தோன்றிற்று.

இந்த வியாசம் லண்டன் ராயல் சங்கத்தை அடைந்த சில வாரங்களுக்குள், 1855-ம் வருஷத்தின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் அரசாங்க வானசாஸ்திரியான ஏரி என்பவர் ஒரு விளக்கம் எழுதினார். அதன் எளிமையை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளைப் பாருங்கள் என்றார் அவர். ஒரு கட்டை மற்றவற்றைவிட உயரமாகத் தலை நீட்டிக் கொண்டிருந்தால், அது நீருக்கு அடியிலும் மற்றவற்றைவிட ஆழமாகப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். பூமியின் மேலோடும் அப்படியே, அடியிலுள்ள கனத்த பொருளின்மீது மிதக்கிறது. மலை எவ்வளவு உயர்ந்ததோ அதற்கேற்ப அதன் வேர் கீழே இறங்கியிருக்கிறது. அந்த வேர் இலேசான பாறையாலானது. கனத்த பொருள் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பதால் மலையின் இழுப்பு குறைகிறது. பிற்பாடு பிராட் வேறொரு கொள்கை சொன்னார்: வேர் என்று ஒன்றில்லை, மலையின் பாறையே அடர்த்தி குறைந்தது என்று. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும் இமயத்தைப் பொறுத்தமட்டில் ஏரியின் பக்கமே காலம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஊகம் வேறு, ருசு வேறு. ருசுவைத் தேடிப் போனவர்களில் ஒருவர் பாஸெவி. ஒரே நீளமுள்ள பெண்டுலம் ஆகர்ஷணம் மிகுந்த இடத்தில் விரைவாகவும், குறைந்த இடத்தில் மெதுவாகவும் ஆடும். அந்த ஆட்டங்களை எண்ணியே பாறையின் எடையை மதிப்பிடலாம். இந்த வேலையைத் தேசமெங்கும் செய்து வந்த அவர், 1871-ல் லடாக்கின் உயர்ந்த பீடபூமிக்குப் பெண்டுலத்தை எடுத்துச் சென்று, ஆள் நடமாட்டமற்ற அந்தக் குளிரிலே நோய்ப்பட்டு உயிர் நீத்தார். அவருடைய கணக்குகளும் மலைப்பக்கம் போகப்போக ஆகர்ஷணம் எதிர்பார்த்த அளவில் இல்லை என்றே காட்டின. அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை இப்போது ஆகாயத்திலிருந்தே செய்கிறார்கள். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களும், 2009-ல் ஏவப்பட்ட கோஸ் என்பதும், தாம் சுற்றிய பாதையில் உணர்ந்த ஆகர்ஷணத்தின் நுண்ணிய மாறுதல்களிலிருந்தே கீழேயுள்ள பாறையின் எடையை உணர்த்தின.

ஆயினும் எடையை மட்டும் கொண்டு வடிவத்தை நிச்சயிக்க முடியாது. மூடிய பெட்டியை நிறுத்துப் பார்த்தால் உள்ளே எவ்வளவு பொருள் உண்டென்று தெரியுமேயன்றி, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதென்று தெரியாது. தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். சந்தையிலே தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்காதவர் யார்? பூமியைத் தட்டுவதற்குப் பூகம்பத்தைவிடப் பெரிய சுத்தியல் கிடையாது. 1897-ம் வருஷத்து அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்த ஓல்டாம் என்பவர், அதிர்ச்சி ஒரே அலையாக வராமல் வெவ்வேறு வேகமுள்ள அலைகளாகப் பிரிந்து வருவதைப் பூகம்பமானிகளின் பதிவுகளில் பின்னர் இனம் பிரித்துக் காட்டினார். 1909-ல் குரோவேஷியாவிலுள்ள ஸாக்ரெப் நகரத்து மோஹோரோவிச்சிச் என்ற அறிஞர், ஓர் ஆழத்துக்குக் கீழே அலைகளின் வேகம் திடீரென்று அதிகரிப்பதைக் கண்டுபிடித்தார். மேலோடு முடிந்து கனத்த பாறை தொடங்கும் எல்லை அது. அவர் பெயரை உச்சரிக்கச் சிரமப்பட்டோ என்னவோ, உலகம் அதை ‘மோஹோ’ என்று சுருக்கிவிட்டது. சாதாரணமாகக் கண்டங்களின் அடியில் மோஹோ முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும்.

இமயத்தின் அடியில் இந்த எல்லையைத் தேடிச் சர்வதேச விஞ்ஞானிகள் பெருமுயற்சி எடுத்தது சென்ற நூற்றாண்டின் இறுதியில்தான். 1992-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் ‘இண்டெப்த்’ என்ற பெயரில் தெற்குத் திபேத்தில் வேலை தொடங்கினர். தரையில் துளையிட்டு வெடி வைத்து, அடியிலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். வெடித்த பிறகு இருபது விநாடிகளுக்கும் மேல் காத்திருந்தபோது மிக ஆழத்திலிருந்து ஓர் எதிரொலி வந்தது. அது மோஹோவிலிருந்து வந்தது. ஆழம் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். ஏரி மனத்தால் கண்ட வேரை, நூற்று நாற்பது வருஷங்களுக்குப் பிறகு காதால் கேட்டார்கள் என்றால் மிகையாகாது.

அதற்கு முன்பே, ஏறத்தாழ ஒன்பது விநாடியில், மற்றோர் எதிரொலியும் வந்திருந்தது. அதுதான் நமக்கு அதிக முக்கியமானது. சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கி, வடக்கே போகப்போகச் சரிந்து நாற்பது கிலோமீட்டரை எட்டும் ஒரு தளத்தை அது காட்டிற்று. அந்தத் தளத்துக்குக் கீழே இருப்பது நமது இந்திய நிலம். மேலே இருப்பது மலை. இந்திய நிலம் ஒரு பலகையைப்போல வளைந்து இமயத்தின் அடியில் நுழைந்து போய்க்கொண்டிருக்கிறது. வளைந்த அந்தப் பள்ளத்தில் கங்கையும் அதன் துணை நதிகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் வட இந்தியாவின் வளமான சமவெளி.

பின்னர் 2002 முதல் 2005 வரை ‘ஹைகிளைம்ப்’ என்ற குழுவினர் கங்கைச் சமவெளியிலிருந்து நேபாளத்தின் வழியாகத் திபேத்தின் நடுப்பகுதி வரையில், எண்ணூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் பூகம்பமானிகளை வைத்தனர். இவர்கள் வெடி வைக்கவில்லை. எங்கோ தொலைதேசங்களில் நிகழும் பூகம்பங்களுக்காகக் காத்திருந்தனர். தூரத்திலிருந்து கீழ்நோக்கிச் சென்று மேலெழும் அலை மோஹோவைக் கடக்கும்போது அதன் ஒரு பகுதி வேறு வகை அலையாக மாறி, சற்றுத் தாமதித்து மேலே வந்து சேரும். சாதாரண நிலத்தில் இந்தத் தாமதம் நான்கைந்து விநாடி. திபேத்திலோ எட்டு, ஒன்பது விநாடி. தாமதத்தை அளந்தால் ஆழம் தெரியும். இவ்வாறு ஒவ்வொரு நிலையமாக இணைத்து எழுதிய படத்தில், சமவெளியில் நாற்பது கிலோமீட்டரளவில் இருக்கும் மோஹோ, இமயத்தைக் கடந்து தெற்குத் திபேத்தில் எழுபதுக்கு இறங்குவது தெளிவாயிற்று. இந்தியப் பாறை முப்பத்தொன்றாவது பாகை அட்சரேகை வரையில் திபேத்தின் அடியில் கிடப்பதும் வெளியாயிற்று. மின்சார, காந்த அளவைகளோ திபேத்தின் மேலோட்டுக்குள்ளே மின்சாரம் எளிதில் ஓடும் பகுதிகள் இருப்பதைக் கண்டன. உருகிய பாறையா, உப்பு நீரா, இரண்டும் கலந்ததா என்ற வாதம் முடிந்தபாடில்லை.

இனி, இந்த ஆராய்ச்சிக்கும் ஜனங்களின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பார்ப்போம்.

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகலில் பீஹாரும் நேபாளமும் அதிர்ந்தன. மாங்கீரும் முஸாபர்பூரும் மோதிஹாரியும் பாழாயின. வயல்களில் பூமி பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். சிறையிலிருந்த பாபு ராஜேந்திர பிரசாத் விடுதலையாகி வந்து நிவாரண வேலையை ஏற்றார். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த மகாத்மா காந்தி, ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், இது நம்முடைய பாவங்களுக்குக் கடவுள் அளித்த தண்டனை என்ற கருத்துப்படப் பேசினார். தீண்டாமையையே அந்தப் பாவமாக அவர் கருதினார். இயற்கையின் நிகழ்ச்சியை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது தகாது என்று கவி ரவீந்திரநாத் தாகூர் மறுத்தெழுதினார். அந்த மறுப்பைத் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே பிரசுரித்துப் பதிலும் எழுதினார் காந்தி. தீண்டாமை பாவம் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. பூகம்பத்தின் காரணத்தைப் பற்றிய மட்டில் கவியின் பக்கமே நிற்கிறோம்.

ஆனால் சாஸ்திரமும் அன்று தவறாமலில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேதம் வடபீஹாரின் சமவெளியில் கோரமாக இருந்ததால், பிளவும் அதன் அடியிலேயே இருக்கக்கூடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் பூகம்பத்தின் மூலஸ்தானம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குச் சிறிது தெற்கே இருந்தது. நீர் ஊறிய வண்டல் மண் கெட்டித்தன்மையை இழந்து குழம்பாகி வீடுகளை விழுங்கியதே பீஹாரின் சேதத்துக்குக் காரணம். பூமியின் அடியமைப்பு தெரிந்த பிறகே இந்த இரண்டையும் பிரித்தறிய முடிந்தது. 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்தப் பூகம்பத்தில் பிளவு நேபாளத்தின் தென்கோடியில், மலை சமவெளியைத் தொடும் இடத்தில், தரைமட்டம் வரை வந்து சேர்ந்ததைத் தோண்டிக் கண்டுபிடித்தது. 1255-ம் வருஷத்துப் பூகம்பத்தின் தடமும் அவ்விடத்திலேயே இருந்தது.

இந்தியா வருஷத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்கிறது. அதில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இமயத்தின் அடியிலுள்ள அந்தச் சரிவுத்தளத்தில் அடங்க வேண்டும். வடக்கே ஆழத்தில், வெப்பத்தால் பாறை இளகியிருப்பதால், நகர்ச்சி ஓசையின்றி நடக்கிறது. தெற்கே, அடிவாரத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, தளம் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. நகராத ஒவ்வொரு வருஷமும் இரண்டு சென்டிமீட்டர் கடனாக ஏறுகிறது. பூட்டு திறக்கும் நாளில் அசலும் வட்டியும் ஒரே நிமிஷத்தில் வசூலாகின்றன. 2015-ல் கோர்க்காவிலிருந்து கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூட்டு திறந்தது. ஆனால் முழுவதும் திறக்கவில்லை. காட்மாண்டுக்குத் தெற்கே, சமவெளியை நோக்கிய பகுதி நகராமலேயே நின்றுவிட்டது.

மேற்கே நிலைமை இன்னும் கவலைக்குரியது. 1905-ல் காங்க்ராவைப் பாழாக்கிய பூகம்பத்துக்கும் 1934-ம் வருஷத்துப் பூகம்பத்துக்கும் இடைப்பட்ட நெடும் பிரதேசத்தில், மேற்கு நேபாளமும் உத்தராகண்டத்தின் பெரும்பகுதியும் அடங்கியுள்ளன. மேற்கு நேபாளப் பக்கத்தில் மாபெரும் பூகம்பம் கடைசியாக நேர்ந்தது 1505-ம் வருஷம். அன்று முதல் ஏறிய கடனைக் கணக்கிட்டால் சுமார் பத்து மீட்டர் வருகிறது. எந்த வருஷம், எந்த நாள் என்று சொல்லக்கூடிய சாஸ்திரம் இன்று வரை இல்லை. சொல்வதாக எவரேனும் கிளம்பினால் அவரை நம்ப வேண்டாம். எங்கே என்பதையும், எவ்வளவு என்பதையும் மட்டும் பெரும்பாலும் சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவு தெரிந்த பிறகு, மலைச்சரிவிலே தூண்களை ஊன்றி, ஐந்தடுக்கு ஆறடுக்கு கான்கிரீட் விடுதிகள் எழும்புவதைப் பார்க்கும்போது, எச்சரிக்கை யார் காதில் விழுந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நமது தேசத்தில் பூகம்பத்தைத் தாங்கும் கட்டிட விதிகள் 1962-லேயே வகுக்கப்பட்டன. விதி புத்தகத்தில் இருக்கிறது. கம்பி கட்டும் கூலியாளிடமும் கொத்தனாரிடமும் அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? இத்தனைக்கும் ஹிமாசலத்து மலைவாசிகள் எந்தப் பொறியியல் கல்லூரியும் இல்லாத காலத்திலேயே கல்லுக்கிடையில் மரச்சட்டங்களைப் பின்னி, அதிர்ச்சியில் நெகிழ்ந்து கொடுக்கும் சுவர்களை எழுப்பினவர்கள். அந்த வீடுகளைப் பழசு என்று இடித்துவிட்டு, செங்கலும் சிமெண்டும் கொண்டு பலமற்ற பெட்டிகளைக் கட்டிக்கொள்வது நாகரிகமாகி வருகிறது.

மற்றொரு குறை. பூமியின் அடியிலுள்ள தளத்துக்கு நாட்டெல்லை தெரியாது. கங்கைக்கரையிலிருந்து திபேத் வரை அது ஒரே தளம். அளவைகளோ எல்லைச் சாவடிகளில் நின்று நின்று போகின்றன. ஒரு தேசம் அளந்ததை அடுத்த தேசத்து விஞ்ஞானி உடனுக்குடன் காண முடிந்தாலன்றி இந்தப் படம் கிழிந்த படமாகவே இருக்கும். இந்தியா, நேபாளம், பூடான், சீனா, பாகிஸ்தான் ஆகிய தேசங்களின் சர்க்கார்கள் வேறு எதில் பிணங்கினாலும், பூகம்பமானிகளின் பதிவுகளையேனும் பகிர்ந்துகொள்ளலாகாதா?

காட்மாண்டுக்கு மறுபடியும் வருவோம். 1934-ல் இடிந்து பின் எழுப்பப்பட்ட தரஹரா கோபுரம் 2015-ல் அடியோடு சாய்ந்து, மேலே ஏறியிருந்தவர்களைப் பலிகொண்டது. நேபாளத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இடிந்தன. அன்று சனிக்கிழமை, அந்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை நாள்; அந்த ஒன்றினால் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் சில பள்ளிக்கூடங்களின் சுவர்களைப் பூகம்பத்துக்கு முன்னமேயே, அவ்வூர்க் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களைக் கொண்டே கம்பிவலை பொருத்திப் பலப்படுத்தியிருந்தார்கள். அவை இடியாமல் நின்றன. வீடிழந்தவர்கள் அன்றிரவு அவற்றின் முற்றங்களில் வந்து தங்கினார்கள்.